நாலு மூலை மஞ்சள்

குற்றாலம்
7 ஜூன் 2025

ஸ்வாதி,

உன் நர்சிங் சான்றிதழ் வந்துவிட்டது. இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். முதலில் அதைத் திறந்து பார், என் புராணத்தை அப்புறம் படிக்கலாம்.

கல்லூரியில் இருந்து மெயில் வந்தபோது நான் பேரருவியில் நின்றுகொண்டிருந்தேன். சீசன் டியூட்டி போட்டுவிட்டார்கள். ஊர் உலகமெல்லாம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது, நான் விசில் ஊதி வரிசையில் விடுகிறேன். பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழ ஆரம்பித்தால் அத்தனை பேரையும் வெளியே விரட்ட வேண்டும். "ஏட்டய்யா, இப்பதான தலைய நனைச்சேன், செத்த நேரம் விடுங்க" என்கிறார் ஒருவர். நான் ஏட்டு இல்லை, வெறும் கான்ஸ்டபிள் என்று சொல்வதற்குள் அவர் மறுபடி தண்ணீருக்குள் போய்விட்டார். சம்பளம் கூட்டாமல் பதவி உயர்வு கொடுக்கிற ஒரே இடம் குற்றாலம்தான்.

அருவிக்கரையில் டவர் சரியாகக் கிடைக்காது என்று உனக்குத் தெரியும். டியூட்டி முடிந்து வடகரை வீட்டுக்குப் போய்த்தான் சான்றிதழை இறக்கினேன். உன் பழைய நம்பர் என்னிடம் இருப்பதால் ஓ.டி.பி. எனக்குத்தான் வந்தது. உன் பெயரைப் பெரிய எழுத்தில் பார்த்ததும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"ஏலே முத்து, வெறுங்காயிதமாவா அனுப்புதே? கடல் தாண்டிப் போறது. நாலு மூலையிலயும் மஞ்சள வைலே" என்றாள்.

"இது காயிதம் இல்லம்மா. போனுக்குள்ள இருக்கு."

"அப்ப போனுக்குள்ளயே வையி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

போனில் படத்தின் மேல் வரைவதற்கு ஒரு பேனா இருக்கிறது அல்லவா, அதில் மஞ்சள் நிறத்தை எடுத்து நாலு மூலையிலும் ஒவ்வொரு பொட்டு வைத்தேன். நம் கல்யாணப் பத்திரிகைக்கு வைத்த மாதிரியே. ஓரத்துப் பூவேலை பொன் நிறத்தில் இருப்பதால் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அம்மாவிடம் காட்டினேன். "இப்ப போட்டும்" என்றாள்.

வீடியோவில்தான் முகம் பார்க்கிறோமே, இவன் எதற்கு இத்தனை நீளம் எழுதுகிறான் என்று நினைக்காதே. வீடியோவில் நீ "சாப்பிட்டீங்களா" என்று கேட்கிறாய், நான் "ம்" என்கிறேன், படம் அப்படியே நின்றுவிடுகிறது. போலீஸ் பயிற்சியில் எங்கள் போனை வாங்கி வைத்துக்கொண்ட மாதங்களில் நாம் எழுதிக்கொண்டோம் இல்லையா, அந்தப் பழக்கம் எனக்குப் போகவில்லை. எழுதும்போதுதான் நீ பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதாக இருக்கிறது.

பிப்ரவரியில் உன்னைத் திருவனந்தபுரத்தில் விமானம் ஏற்றிவிட்டு ஆரியங்காவு வழியாகத் தனியாகத் திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு அந்த ரோட்டில் நான் போகவே இல்லை.

முத்து


எர்ஃபுர்ட், ஜெர்மனி
10 ஜூன் 2025

அத்தான்,

சான்றிதழைத் திறந்ததும் என் கண் மூலைக்குத்தான் போனது. மஞ்சளைப் பார்த்துச் சிரித்தேன், அப்புறம் அழுதேன். அறையில் வேறு யாரும் இல்லை, அதனால் நன்றாகவே அழுதேன். அத்தையிடம் சொல்லுங்கள், மஞ்சள் கடல் தாண்டி அழியாமல் வந்து சேர்ந்தது என்று.

இந்தச் சான்றிதழுக்காக நான் எப்படிக் காத்திருந்தேன் என்று உங்களுக்குச் சொன்னதில்லை. தென்காசியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவள் நான். இங்கே முதியோர் இல்லத்தில் உதவியாள். கட்டில் விரிக்கலாம், குளிப்பாட்டலாம், கஞ்சி ஊட்டலாம். ஊசியைத் தொடக் கூடாது. போன வாரம் ஒரு கிழவருக்கு மூச்சு வாங்கியது. என்ன செய்ய வேண்டும் என்று என் கைக்குத் தெரியும். அந்தக் கையைக் கட்டிக்கொண்டு, நர்ஸ் ஓடி வரும்வரை சும்மா நின்றேன். அவர் பிழைத்துக்கொண்டார். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

நாளைக்கு இதை இல்லத்து அலுவலகத்தில் கொடுத்துவிடுவேன். போலிச் சான்றிதழோடு நிறையப் பேர் வந்து இறங்கியதால் இப்போது முத்திரையையும் கையெழுத்தையும் இங்கே யாரும் நம்புவதில்லை. நம் கல்லூரி ஒவ்வொரு சான்றிதழையும் பிளாக்செயினில் பதிந்து வைக்கிறதாம். இவர்கள் என் கோப்பைக் கல்லூரியின் சரிபார்ப்புப் பக்கத்தில் ஏற்றுவார்கள். அசல் என்றால் பச்சை, இல்லை என்றால் சிவப்பு. நொடியில் தெரிந்துவிடும் என்கிறார்கள்.

பச்சை வந்தால் நான் நர்ஸ். நர்ஸ் ஆனால் உங்களை இங்கே கூப்பிட விண்ணப்பம் போடலாம். வருவீர்களா என்று இப்போது கேட்க மாட்டேன். "போலீஸ் உத்தியோகத்த விட்டுட்டுப் பொண்டாட்டி பின்னால போனாம் பாரு" என்று வடகரை முழுக்கப் பேசும். அதைக் கேட்டுக்கொண்டு அத்தை எப்படித் தெருவில் நடப்பார்கள்? அந்தக் கேள்வியைப் பச்சை வந்த பிறகு வைத்துக்கொள்வோம்.

இங்கேயும் மழை பெய்கிறது. ஆனால் இது சாரல் இல்லை. பண்பொழி மலைப்படியில் சாரலில் நனைந்துகொண்டு ஏறினோமே, என் செருப்பையும் உங்கள் செருப்பையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு நீங்கள் முன்னால் போனீர்களே, அந்த முதுகு எனக்கு இங்கே அடிக்கடி நினைவுக்கு வருகிறது. முகம்தான் தினமும் போனில் தெரிகிறது. முதுகைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

ஸ்வாதி


எர்ஃபுர்ட்
20 ஜூன் 2025

அத்தான்,

சிவப்பு வந்துவிட்டது.

அலுவலகத்து அம்மாள் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். "பதிவோடு பொருந்தவில்லை" என்று இருந்தது. என் பெயர், என் மதிப்பெண், பட்டம் வாங்கிய தேதி, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. நானே வரி வரியாகப் பார்த்துவிட்டேன். கோப்பு வரும் வழியில் கெட்டுப்போயிருக்கலாம், இன்னொரு முறை வாங்கிக் கொடு என்று அந்த அம்மாள் நல்லபடியாகத்தான் சொன்னார். ஆனாலும் என் கை நடுங்கியது.

தயவுசெய்து உடனே மறுபடி அனுப்புங்கள்.

ஸ்வாதி


குற்றாலம்
21 ஜூன் 2025

ஸ்வாதி,

அனுப்பிவிட்டேன். கடிதத்தோடு இருக்கிறது, பார். என் போனில் பத்திரமாக வைத்திருந்ததால் கல்லூரி வரைக்கும் போக வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. அதே கோப்புதான், அட்சரம் பிசகவில்லை.

இதற்கெல்லாம் நீ கை நடுங்கலாமா? தீவிர சிகிச்சையில் ஆள் துடித்துக்கொண்டிருக்கும்போது நடுங்காத கை அது. இயந்திரம் என்றால் ஒரு நாள் மக்கர் பண்ணும். எங்கள் ஸ்டேஷன் கணினி என்னையே ஒரு தடவை ஓய்வு பெற்றவர் பட்டியலில் சேர்த்துவிட்டது. இரண்டு நாள் எல்லாரும் என்னை "பெரியவரே" என்று கூப்பிட்டார்கள்.

அருவியில் இப்போது தண்ணீர் நன்றாக விழுகிறது. மங்குஸ்தான் வந்துவிட்டது. நீ போன சீசனில் ஒரு பை வாங்கி வழியிலேயே தின்று தீர்த்துவிட்டு, வீட்டில் அம்மாவிடம் தோலைக் காட்டினாய். நேற்று அதே கடையில் அந்த அக்கா, "என்ன சார், வீட்ல அவுகளக் காணும்?" என்று கேட்டது. வெளிநாட்டில் இருக்கிறாள் என்றேன். "அப்ப ஒங்களுக்கு மட்டும் கால் கிலோ போடவா?" என்றது. கால் கிலோ வாங்கவும் மனசு வரவில்லை, வாங்காமல் வரவும் முடியவில்லை. வாங்கி ஸ்டேஷனில் கொடுத்துவிட்டேன்.

இந்த முறை பச்சைதான், பார்.

முத்து


எர்ஃபுர்ட்
2 ஜூலை 2025

முத்துச்செல்வம் அவர்களுக்கு,

இரண்டாவது முறையும் சிவப்பு.

இந்தத் தடவை அந்த அம்மாள் நல்லபடியாகப் பேசவில்லை. கணினி தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அவர் கோப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார். கல்லூரி கொடுத்த பிறகு இது திருத்தப்பட்டிருக்கிறது, திருத்தியது ஒரு கைபேசியில், ஜூன் மாதம் ஏழாம் தேதி. அன்றைக்கு இந்தச் சான்றிதழ் இருந்தது உலகத்திலேயே ஒரே ஒரு போனில். அது யாருடையது என்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்த அறையில் நான் என்ன சொல்லியிருக்க முடியும்? என் கணவர் போலீஸ்காரர், அவர் அப்படிச் செய்ய மாட்டார் என்றேன். அதைச் சொல்லும்போதே வேலியே பயிரை மேய்ந்த கதை ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

என்ன செய்தீர்கள்? விமான நிலையத்துக்குப் போகும்போது ஆரியங்காவில் காரை ஓரங்கட்டிவிட்டு, "இப்பகூடத் திரும்பிரலாம் ஸ்வாதி" என்று சொன்னீர்கள். நான் முன்னால் இருந்த ரோட்டைப் பார்த்தேன். நீங்கள் வண்டியை எடுத்தீர்கள். அன்றைக்குச் சரி என்று விட்டுவிட்டு, இப்போது வேறு வழியில் திருப்பப் பார்க்கிறீர்களா? நான் வேண்டும் என்றால் வா என்று சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம். நான் படித்த படிப்பில் கை வைத்திருக்கக் கூடாது.

ஜூலை கடைசிக்குள் அசலான சான்றிதழ் வர வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பந்தத்தை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். போலி ஆவணம் கொடுத்தவள் என்று எழுதியும் வைத்துவிடுவார்கள். அது என்னோடு கடைசி வரைக்கும் வரும். கிழவருக்குக் கஞ்சி ஊட்டப் போனால், என்னோடு வேலை செய்கிறவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள்.

போனில் கூப்பிடாதீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு அழுகை வரும், அழுதால் நம்பிவிடுவேன். சொல்ல வேண்டியதை எழுதுங்கள்.

ஸ்வாதி


குற்றாலம்
4 ஜூலை 2025

திருமதி ஸ்வாதி அவர்கள் சமூகத்துக்கு,

குற்றாலத்தில் அருவிப் பாதுகாப்புப் பணியில் இருக்கும் காவலர் முத்துச்செல்வம் எழுதிக்கொடுக்கும் வாக்குமூலம். மேற்படிச் சான்றிதழில் நான் ஒரு எழுத்தைத் தொடவில்லை. ஒரு புள்ளியைக் கூட்டவில்லை, ஒரு எண்ணைக் குறைக்கவில்லை. கல்லூரியில் இருந்து வந்ததை வந்தபடி, எடுத்ததை எடுத்தபடி உனக்கு அனுப்பினேன். இது சத்தியம்.

கேலியாக எழுத ஆரம்பித்தேன், முடியவில்லை.

அடுத்தவர்கள் சந்தேகப்பட்டால் எனக்குப் பழக்கம்தான். காக்கிச் சட்டை போட்ட அன்றே அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம் வாங்குகிறோம். நீ சந்தேகப்படுவாய் என்று நான் நினைத்ததே இல்லை. ஆரியங்காவில் திரும்பிவிடலாம் என்று சொன்னது உண்மை. அதைச் சொன்ன அதே வாயால்தான் விமான நிலையத்தில் "போயிட்டு வா" என்றும் சொன்னேன். உன் பெட்டியை வண்டியில் தள்ளிக்கொண்டு கண்ணாடிக் கதவு வரைக்கும் வந்தவனும் நான்தான். அதற்கு மேல் காவலர் என்னை விடவில்லை. ஊரையெல்லாம் மறிக்கிறவனை அன்றைக்கு ஒருவர் மறித்துவிட்டார்.

அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். வேலை அதிகம் என்று பொய் சொல்லி வைத்திருக்கிறேன். நான் திருத்தியது அது ஒன்றைத்தான்.

கல்லூரிக்கு நேரில் போய் என்ன ஏது என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை எழுதுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

முத்துச்செல்வம்


வடகரை
16 ஜூலை 2025

ஸ்வாதி,

நீ கோபத்தில் இருக்கிறாய். இருந்துகொள். ஆனால் இதைக் கடைசி வரைக்கும் படி.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போனேன். சீருடையில் போனால் ஏதோ விசாரணை என்று பயந்துவிடுவார்களே என்று வேட்டி சட்டையில் போனேன். முடிவெட்டைப் பார்த்தே வாட்ச்மேன் சல்யூட் அடித்துவிட்டார். தேர்வுப் பிரிவில் ஆஷிகா என்று ஒரு பெண் இந்தச் சான்றிதழ் வேலையைப் பார்க்கிறது. கடையநல்லூர்க்காரப் பிள்ளை. நான் போன வேகத்தில், உங்கள் இயந்திரம் கெட்டுப்போய் என் பெண்டாட்டியைக் கள்ளியாக்கிவிட்டது என்று ஒரு பாட்டம் கத்தினேன். அது பொறுமையாகக் கேட்டுவிட்டு, நான் உனக்கு அனுப்பிய கோப்பைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தது.

"சார், இந்த நாலு மூலையிலயும் மஞ்சளா என்னமோ இருக்கே. என்னது இது?"

"மஞ்சதான்."

"அதான் கேக்கேன், மஞ்சளா இருக்கது என்னது?"

"மஞ்சளேதாம்மா. மங்கலத்துக்கு வச்சது."

அந்தப் பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு, போலீஸ்காரனான எனக்கே கைரேகைப் பாடம் நடத்தியது. சான்றிதழ் தயாரான அன்றே அந்தக் கோப்பில் இருந்து ஒரு ரேகையை எடுத்து பிளாக்செயினில் எழுதிவிடுகிறார்களாம். அது ஒரே ஊரில் இருக்கிற கணினி இல்லை. பல ஊர்க் கணினிகளில் ஒரே பதிவு இருக்கும். ஒன்றில் மாற்றினால் மற்றதெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். கல்லூரியே நினைத்தாலும் அழிக்க முடியாது. நாம் கொடுக்கிற கோப்பின் ரேகையும் அதில் இருக்கிற ரேகையும் ஒன்றாக இருந்தால் பச்சை. கோப்பில் துளி மாறினாலும் ரேகை மொத்தமும் வேறாகிவிடும்.

"மார்க்கத் திருத்தினாலும் சிவப்புதான், மஞ்சள வச்சாலும் சிவப்புதான் சார். நீங்க நல்லதுக்குச் செஞ்சீகன்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்றது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்துவிட்டது, ஸ்வாதி. ஒரு எழுத்தைத் தொடவில்லை என்று உன்னிடம் சத்தியம் செய்தேனே, அப்போதும் மஞ்சள் என் நினைவுக்கு வரவே இல்லை. மஞ்சள் வைப்பதைத் திருத்தம் என்று நம்மில் யார் நினைப்பார்கள்? வீட்டுப் பத்திரத்துக்கு வைத்தோம், சார்பதிவாளர் மோசடி என்றா சொன்னார்?

அங்கேயே உட்கார்ந்து, ஓ.டி.பி. போட்டு, புதிதாகக் கோப்பை இறக்கினோம். ஆஷிகா அதைச் சரிபார்ப்புப் பக்கத்தில் ஏற்றியது. பச்சை வந்தது. நானே கண்ணால் பார்த்தேன்.

அது வெள்ளிக்கிழமை. இன்றைக்குப் புதன். அந்தக் கோப்பு என் போனில்தான் இருக்கிறது. உனக்கு இன்னும் அனுப்பவில்லை. இந்தக் கடிதத்தோடும் இணைக்கவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். முதல் முறை சிவப்பு என்று நீ எழுதியபோது என் மனசுக்குள் முதலில் வந்தது சந்தோஷம்தான். அடுத்த நொடியே வெட்கமாகிவிட்டது. ஆனால் முதலில் வந்தது அதுதான். ஸ்வாதி வந்துவிடுவாள் என்று நினைத்தேன். நான் செய்யவில்லை, ஆனால் நான் செய்தேன் என்று நீ எழுதியது முழுப் பொய்யும் இல்லை.

இப்போது ஜூலை கடைசி வரை நான் சும்மா இருந்தால் போதும், நீ இங்கே இருப்பாய். அருவியில் நின்று விசில் ஊதும்போதெல்லாம் இதே நினைப்புதான். மத்தியானம் அனுப்பிவிடலாம் என்று போனை எடுக்கிறேன், பிறகு வைத்துவிடுகிறேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் உன் சேலை கொடியில் கிடக்கிறது. அம்மா அதைத் துவைத்துத் துவைத்துக் காயப்போடுகிறாள், மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்குமாம். நீ கட்டாத சேலை எப்படி அழுக்காகும் என்று நான் கேட்பதில்லை.

உன்னை ஒரு தடவை வழியனுப்பிவிட்டேன். இரண்டாவது தடவை நானாக அனுப்ப என்னால் முடியவில்லை. நீ சொல். அனுப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் அனுப்பிவிடுகிறேன்.

முத்து


எர்ஃபுர்ட்
18 ஜூலை 2025

அத்தான்,

மஞ்சளா! நானும்தானே பார்த்தேன். முதல் நாள் பார்த்துவிட்டு அழுதேன். சிவப்பு வந்த பிறகு எழுத்து எழுத்தாகப் பார்த்தபோதும் மூலையில் அது இருந்தது. அந்த அறையில் இரண்டு பேர் என் சான்றிதழைக் குற்றவாளியைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தபோதும் இருந்தது. அவர்களுக்கு அது மஞ்சள் என்று தெரியவில்லை, எனக்கு அது திருத்தம் என்று தெரியவில்லை. உங்களை வேலி என்று எழுதினேன், பயிர் என்று எழுதினேன். ஆறு வருஷம் உங்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள், நீங்கள் திருடவில்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு கணினி வேண்டியிருந்ததா? மன்னித்துவிடுங்கள் என்று எழுதினால் சின்னதாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

வெள்ளியில் இருந்து புதன் வரை கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களே, அதற்குக் கோபம் வருகிறது. அந்த நாட்களில் நான் இங்கே எப்படி இருந்தேன் தெரியுமா? ஆனால் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. எனக்கும் அதேதான் நடந்தது. திரையில் சிவப்பைப் பார்த்ததும் முதலில், அப்பாடா, ஊருக்குப் போய்விடலாம் என்றுதான் இருந்தது. கை நடுங்கியது அதற்குப் பிறகுதான். உங்களிடம் அதைச் சொல்லவில்லை. நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்குச் சொல்லத் தைரியம் வந்திருக்கிறது.

நான் வந்துவிடத்தான் ஆசைப்படுகிறேன் அத்தான். தினமும் ஆசைப்படுகிறேன். காலையில் கண் விழித்ததும் அருவிச் சத்தம் மாதிரி ஏதோ கேட்கும், எழுந்து பார்த்தால் தெருவைக் கழுவும் வண்டி போய்க்கொண்டிருக்கும். ஆனால் பொய்ச் சான்றிதழ்க்காரி என்று பெயர் வாங்கிக்கொண்டு நான் வர மாட்டேன். விரட்டப்பட்டு உங்கள் முன்னால் வந்து நின்றால், நீங்கள் என்னைச் சந்தோஷமாகத்தான் பார்ப்பீர்கள். நான் உங்களை எப்படிப் பார்ப்பேன்? ஒவ்வொரு நாளும், இவர் ஒரு விரலை அசைத்திருந்தால் என் பெயர் நின்றிருக்குமே என்று பார்ப்பேன். அப்படிப் பார்த்துக்கொண்டு ஒரே வீட்டில் இருப்பதற்கு, இப்படிப் பார்க்காமல் இருப்பதே மேல்.

வருவதானால் நானாக வர வேண்டும். பச்சையைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த வேலை எனக்குக் கிடைத்தது, இருந்தாலும் நான் போகிறேன் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். இல்லை, இருக்கிறேன் என்று சொல்வதானாலும் நானே சொல்ல வேண்டும். அது எனக்கும் உங்களுக்கும் நடுவில் பேச வேண்டியது. ஒரு மஞ்சள் பொட்டு அதை முடிவு செய்யக் கூடாது.

அந்த வார்த்தையைக் கேட்டீர்கள். எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

அனுப்புங்கள் அத்தான்.

ஸ்வாதி


வடகரை
19 ஜூலை 2025

ஸ்வாதி,

இணைத்திருக்கிறேன். கல்லூரி கொடுத்தது கொடுத்தபடி இருக்கிறது. இந்த முறை நிஜமாகவே.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மஞ்சள் வைத்ததால்தான் இத்தனை வம்பு என்றேன். "மஞ்ச என்னலே செய்யும்? அவுக மிசினுக்கு நல்லது கெட்டது தெரியல, அதுக்கு நம்மளச் சொல்லுதான்" என்று என்னை ஏசினாள். அப்புறம் சத்தமில்லாமல் போய்க் கொடியில் கிடந்த உன் சேலையை எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

வெறுங்கோப்பாக அனுப்ப எனக்கும் மனசு கேட்கவில்லை. விரலில் மஞ்சள் இருந்தால் ஏதாவது ஆகுமா என்று ஆஷிகாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "சார்!" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. அதனால் அம்மா குழைத்துக் கொடுத்த மஞ்சளில் விரலைத் தொட்டுக்கொண்டு, அந்த விரலால்தான் இப்போது அனுப்பப் போகிறேன். கோப்புக்குள் ஒன்றும் போகாது. என் போன் கண்ணாடியில் மட்டும் ஒரு பொட்டு இருக்கும்.

முத்து


எர்ஃபுர்ட்
22 ஜூலை 2025

அத்தான்,

பச்சை.

அந்த அம்மாள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என்னதான் நடந்தது என்று கேட்டார். மஞ்சளைப் பற்றி எனக்குத் தெரிந்த ஜெர்மன் பாஷையில் சொல்லிப் பார்த்தேன். சமையலுக்குப் போடுவதா என்றார். ஆமாம், அதுவேதான் என்றேன்.

நர்ஸ் வேலைக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட ஒரு வாரம் தவணை கொடுத்திருக்கிறார்கள். இருப்பதா வருவதா, நீங்கள் வருவதா, அதையெல்லாம் எழுதி எழுதிப் பேச வேண்டாம். சாயங்காலம் டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்ததும் சொல்லுங்கள், நான் கூப்பிடுகிறேன். உங்கள் குரலைக் கேட்க வேண்டும். அழுதாலும் பரவாயில்லை.

முதலில் அந்த விரலைக் காட்டுங்கள்.

ஸ்வாதி